சூடத்துக்கு இங்கிலீஷ் தெரியாது

நானும் என் அக்காவும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாளில் மறந்துவிடுகிற சண்டை இல்லை. சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்து நிறுத்திய பேச்சு. எங்கள் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்பைக்கூட மேல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். சூடம் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் கோர்ட்டே கிடையாது.

பள்ளிபாளையத்தில் நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோன சமயம் அது. பெயிண்டர் ஒரு பக்கம், கரண்ட்டுக்காரர் ஒரு பக்கம், பின்னால் செட்டில் தறி மாட்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். விசேஷத்துக்கு அழைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, வாய் நிறைய அழைக்க வேண்டும். ஊராரையெல்லாம் அப்படித்தான் அழைத்தோம். கூடப் பிறந்தவளுக்கு எதற்கு அந்தச் சடங்கு, அவள் முதல் நாளே வந்து கோலம் போட வேண்டியவள் அல்லவா என்று, தேதி தெரியட்டும் என அழைப்பிதழைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் தட்டிவிட்டேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, விளங்கிவிட்டது. "வாட்ஸாப்புல அழைச்சவீங்க ஊட்டுக்கு வாட்ஸாப்புலயே போயிட்டு வந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். குடிபோன அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. பால் பொங்கியது, நானும் பொங்கினேன். மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டேன். வார்த்தை தடித்தது. அவள் சாமி அறைக்குள் போய்ச் சூடத்தை ஏற்றினாள். "இனி உன்ற கூட ஒரு வார்த்த பேசுனா, என்ற புள்ள தல மேல ஆணை!" என்று அடித்து அணைத்தாள். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அவள் டப்பாவிலிருந்தே ஒரு சூடத்தை எடுத்து ஏற்றினேன். "நாம் பேசுனா என்ற ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்!" என்று நானும் ஒரு அடி அடித்தேன். கை கொப்பளித்தது. அவளிடம் காட்ட முடியாமல் வீட்டுக்கு வந்து தோசை மாவுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பால் பூத்தில் பார்ப்போம், எழவு வீட்டில் பார்ப்போம். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆடு மாடு போதும். ஒரு நாள் எங்கள் வீட்டு மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவில் போயிற்று. அக்கா அந்த வழியாக வந்தவள் காய் வண்டிக்காரரிடம், "ஏனுங்க, சில பேரு ஊட்டுல காவேரியே வந்து தங்கியிருக்குது போலிருக்குதுங்க" என்றாள். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து அதே வண்டிக்காரரிடம், "சொன்னவீங்களுக்கு நன்றிங்க" என்றேன். அந்த மனுஷன் ஒரு முள்ளங்கியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அரித்துக்கொண்டேதான் இருந்தது. அம்மா இல்லாத எங்களுக்கு ஒருத்திக்கு ஒருத்திதான். என்னை 'டி' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் ஒரு பக்கம் அவள் பெண்ணின் தலை, மறு பக்கம் என் கண். யார் முதலில் திறப்பது?

இப்படி இருக்கும்போதுதான் நான் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் தறியில் ஓடுவது துண்டு. வெளியூர் வியாபாரிகளோடு போனில் பேசுவது என் வேலை. மும்பைக்காரர் ஒருவர் இங்கிலீஷில் சரமாரியாக ஏதோ கேட்க, மரியாதைக்கு நான் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார், யெஸ் சார்" என்று சொல்லிவைத்தேன். அதன் பலன், அந்த மாதம் முழுக்கத் தறியில் கிளிப்பச்சைத் துண்டாக ஓடியது. என் வீட்டுக்காரர் அந்தத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். அது போதாதா?

வகுப்பு மெயின் ரோட்டில், தறிச் சாமான் கடைக்கு மேல் மாடியில். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல வீட்டையும் தொழிலையும் பார்த்துக்கொள்கிற பெண்கள். டீச்சர் சேலத்துக் கிறிஸ்தவப் பெண், எங்கள் எல்லாரையும்விடச் சின்னவள், தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வந்த புதிதில் பூப்போலப் பேசினாள். எதிரே தறி செட்டு, சதா இரைச்சல். ஒரே வாரத்தில் அவளும் எங்களைப் போலத் தொண்டை கிழியக் கத்தப் பழகிவிட்டாள். பள்ளிபாளையத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் மட்டும் என்ன விதிவிலக்கா?

சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மாடிப்படியில் ஒரு தலை தெரிந்தது. அக்கா! என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள். கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள், பிறகு விறுவிறுவென்று வந்து எனக்கு நேர் எதிர் மூலையில் உட்கார்ந்தாள். டீச்சர் எதற்காகச் சேர்கிறீர்கள் என்று கேட்க, "பொண்ணுக்குப் பெங்களூர்ல மாப்பள பாத்திருக்குதுங்க. சம்பந்தி ஊட்டுல சோத்துக்கே இங்கிலீஷ்லதான் கூப்புடறாங்க" என்றாள். பெண்ணுக்கு நிச்சயம் ஆகப்போகிற சேதியே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தூக்கி வளர்த்த பெண். சேதி காதில் விழுந்ததும் சந்தோஷத்தில் கை தட்டப் போனேன். பாதியில் நினைவு வந்து, கொசு அடித்த மாதிரி முடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் டீச்சர் புதுப் பாடம் எடுத்தாள். மனுஷர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பழகுவது, பிரிவது, சேர்வது பற்றிய சொற்கள். இங்கிலீஷ்காரர்கள் விசித்திரமானவர்கள். ஒரு சின்ன வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு வால் ஒட்டிவிடுகிறார்கள். வாலை மாற்றினால் உறவே மாறிவிடுகிறது. ஒருத்தரோடு ஒத்துப்போனால் கெட் அலாங். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினால் ஃபால் அவுட். மறுபடி ராசியானால் மேக் அப். நம்பினவரைக் கைவிட்டால் லெட் டவுன். இளக்காரமாகப் பார்த்தால் லுக் டவுன். சகித்துக்கொண்டு போனால் புட் அப். ஒருத்தருக்காகப் பரிந்து நின்றால் ஸ்டாண்ட் அப். சொன்னபடி வந்து சேர்ந்தால் டர்ன் அப். போர்டு நிறைய எழுதிப் போட்டாள். எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை. எங்கள் குடும்பக் கதையை யாரோ இவளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். ஜோடியாக நின்று இந்தச் சொற்களை வைத்துப் பேச வேண்டும். "நீங்களும் நீங்களும்" என்று அக்காவையும் என்னையும் கைகாட்டினாள். வகுப்பே மூச்சை அடக்கியது. எங்கள் சூடத்துக் கதை பள்ளிபாளையத்தில் யாருக்குத் தெரியாது? சேலத்திலிருந்து வருகிற டீச்சர் ஒருத்தியைத் தவிர!

"டீச்சர், அவீங்க ரெண்டு பேரும்..." என்று ஒரு அம்மா ஆரம்பித்தாள்.

"நோ டமில்!" என்று டீச்சர் ஒரு அதட்டு அதட்டினாள். அந்த அம்மாவுக்கு அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அக்கா மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தாள். என்னவோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"ஒய் வீ ஃபால் அவுட்?"

எனக்குப் பொறி தட்டியது. சத்தியம் செய்தது தமிழில். அந்தச் சூடத்துக்கு இங்கிலீஷ் தெரியாது! அடடா, என் அக்காவின் மூளையே மூளை!

"யூ லெட் மீ டவுன்!" என்றேன். "மை நியூ ஹவுஸ், யூ நாட் டர்ன் அப்!"

"யூ லுக் டவுன் ஆன் மை ஹஸ்பெண்ட்!"

"யுவர் ஹஸ்பெண்ட்! எவ்ரிபடி புட் அப் வித் யுவர் ஹஸ்பெண்ட்!"

"ஐ ஒன்லி ஸ்டாண்ட் அப் ஃபார் ஹிம்! ஹூ வில் ஸ்டாண்ட் அப்? யூ?"

"ஹூ வில் ஸ்டாண்ட் அப் ஃபார் மீ? அம்மா நாட் தேர்! ஒன்லி யூ!"

இதைச் சொன்னதும் என் குரல் உடைந்துவிட்டது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். டீச்சர் பரவசத்தில் மேசையைத் தட்டி எழுந்தாள். "எக்ஸலன்ட்! என்ன ஆக்டிங்! எல்லாரும் பாருங்க, இப்படித்தான் ஃபீலிங்கோட பேசணும்!" என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தாள். மற்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். நாங்கள் சாக்லேட்டைத் தின்றோம். வேறு என்ன செய்வது?

அன்றைக்குச் சாயங்காலமே போன் அடித்தது. அக்கா நம்பர். எடுத்துக் காதில் வைத்தேன்.

"டுடே வாட் குழம்பு?" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன். தறிச் சத்தத்துக்கு நடுவில் நான் இங்கிலீஷில் கத்துவதைக் கேட்டு என் வீட்டுக்காரர், மும்பை ஆர்டர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் தனியாகச் சிரித்தேன். மாடிக்கும் கீழுக்கும் காரணமே இல்லாமல் ஏறி இறங்கினேன். பழைய சண்டையைத் தொடரலாம் என்று இரண்டொரு தடவை முயன்று பார்த்தோம், முடியவில்லை. தமிழில் திட்டுவதற்கு எங்களிடம் ஒரு குதிர் நிறைய வார்த்தை இருந்தது. இங்கிலீஷில் போர்டில் எழுதிப்போட்டது மட்டும்தான். நாலு வரியில் சண்டை தீர்ந்து, புளிக்குழம்புக்கு வந்துவிடுவோம்.

நடுவில் ஒரு பயம் வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரியிடம் அக்கா சும்மா கேட்பதுபோல, ஆத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். அவர், "ஆத்தாளுக்குத் தெரியாத பாசையா, சாமி?" என்று சொல்லிவிட்டார். அரண்டுபோய் எனக்குப் போன் செய்தாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமலே இருந்தோம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"குட் இங்கிலீஷ், அம்மன் அண்டர்ஸ்டாண்ட். பட் மை இங்கிலீஷ், யுவர் இங்கிலீஷ், அம்மன் நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்றாள். நியாயந்தானே? டீச்சருக்கே பாதி புரிவதில்லை.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. இங்கிலீஷில் கலெக்டரும் யூ, காய் வண்டிக்காரரும் யூ, நானும் யூ. அவள் என்னை யூ என்று கூப்பிடும்போதெல்லாம், இன்னும் வாசற்படிக்கு வெளியிலேயே நிற்க வைத்திருக்கிறாள் என்று தோன்றும்.

கல்யாணத் தேதி குறித்தார்கள். ஒரு நாள் காலையில் கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அக்காவும் மாமாவும். அவள் கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், மேலே பத்திரிகை. என் புது வீட்டு வாசலுக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, வேப்பமரத்தைப் பார்த்தார். அக்கா மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள்.

"மை டாட்டர் மேரேஜ். ஆல் ஃபேமிலி மஸ்ட் டர்ன் அப். டோன்ட் லெட் மீ டவுன்."

"என்னங்கறாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அழைக்கறாங்க" என்றேன் அவரிடம்.

அவருக்கு மூன்று வருஷக் கோபம் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. "ஏனுங்க, அன்னைக்கு வாட்ஸாப்புல அழைச்சது அழைப்பு இல்லீன்னீங்க. இன்னைக்கு இங்கிலீஷ்ல அழைக்கறது மட்டும் அழைப்புங்களா? நம்ம பேச்சுல, வாயால, உங்க தங்கச்சியப் பாத்து அழைங்க. நாங்க வாரோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் வினை. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் எப்படிச் சொல்வாள்? மாலை போடப்போகிற பெண்ணின் தலை மேல் அல்லவா ஆணை வைத்திருக்கிறாள்! மாமா, "திரும்புடி, போலாம்" என்றார். அவள் திரும்பினாள். கேட்டைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான். இனி எந்தப் பாஷையிலும் எங்களுக்குப் பேச்சில்லை என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

போனால் போகட்டும், என் கண்தானே?

"அக்கா!" என்று கூப்பிட்டேன். "உள்ள வாக்கா. தட்டத் தூக்கிக்கிட்டு எங்க போற? நம்மூட்டுக் கல்யாணத்துக்கு நம்மள யாரு அழைக்கறது? எனக்கு அழைப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முறுக்குச் சுடறதுக்கு என்னைக்கு வாரோணும், அத மட்டும் சொல்லு."

தட்டு கீழே விழுந்தது. அக்கா ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "வாட் யூ டூ? வாட் யூ டூ! யுவர் ஐஸ்! யுவர் ஐஸ்!" என்று கதறினாள். வெற்றிலையெல்லாம் வாசலில் சிதறிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கொஞ்சம் கழித்து மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி முடித்து, இரண்டு பேரும் பேசாமல் உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்களின் சண்டை அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு வேடிக்கையான ஏற்பாடு. நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். முறுக்குச் சுட்டதும் அப்படித்தான், சேலை எடுத்ததும் அப்படித்தான். ஈரோட்டு ஜவுளிக்கடையில் விற்கிற பையன், எங்களைச் சினிமாவுக்குப் படம் பிடிக்கிறார்களோ என்று கேமராவைத் தேடினான். கல்யாண மண்டபத்தில் உச்சம். பந்தியில் நான் "பாயசம் பத்தலக்கா" என்று கத்த, அவள் மணவறையிலிருந்து "ஆஸ்க் தெம் டு ஹரி அப்!" என்று கத்தினாள். பெங்களூர் சம்பந்தியம்மா அசந்துபோய் என்னிடம் வந்து, "உங்க அக்கா கூடப் பொறந்தவங்ககிட்டக்கூட இங்கிலீஷ்லதான் பேசுவாங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க, எங்கூட்ல அப்படித்தானுங்க" என்றேன். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டாள்.

மத்தியானம் பெண்ணை அனுப்பிவைத்தோம். கார் போன பிறகும் அக்கா மண்டப வாசலிலேயே நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் ஒரு தம்ளர் மோரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கவில்லை. கார் போன திசையைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"தாரை வாத்துக் குடுத்தாச்சு. அவ இனி அந்த ஊட்டுப் புள்ள. அவ தல மேல நான் வெச்ச ஆணை இனி அவளத் தொடாது."

தமிழ்! என் கையில் மோர் தளும்பியது. அக்கா என் பக்கம் திரும்பினாள். என் முகவாயைப் பிடித்து வெயில் பக்கமாகத் திருப்பினாள். கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பிடித்து, ஒரு கண், பிறகு மறு கண் என்று உற்று உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளும் இவள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நல்லாத் தெரியுதாடி, சாமி?" என்றாள்.

"நல்லாத் தெரியுதுக்கா" என்றேன். பொய்தான். அந்த நேரத்தில் கண் முழுக்கத் தண்ணீர். ஒரு முழத்தில் நின்ற அவள் முகமே எனக்குத் தெரியவில்லை.